பாம்பு ‘ரெண்டுக்கு’ப் போகுமா பாஸ்?

பாம்பு பால் குடிக்குமா? மகுடிக்கு ஆடுமா? அடிச்சுட்டு விட்டா பழி வாங்குமா? சின்ன வயசிலிருந்து பாம்பைப் பற்றி எத்தனையோ கேள்வி கேட்டிருப்பீங்க. ஆனா, ‘பாம்பு ரெண்டுக்குப் போகுமா? போனா எப்படிப் போகும்?’ என்று என்றைக்காவது கேட்டிருக்கீங்களா? நிச்சயம் இருக்காது. நானும் கேட்டதில்லை. 2019 டிசம்பரில் ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு அமெரிக்காவிலிருந்து நண்பன் போன் பண்ணி அலறும்வரை!

“மச்சி... இன்னியோட 49 நாளா போகலைடா!”

“யாருக்குடா? உனக்கா?”

“எனக்கில்லடா... நூடுல்ஸுக்கு!”

தூக்கம் போச்சு. விஷயம் இதுதான். நண்பன் டெக்ஸாஸில் எம்.எஸ். படித்துக் கொண்டிருந்தான். கூட தங்கியிருந்த அமெரிக்க ரூம்மேட் ஒரு பாம்புப் பைத்தியம். அவன் வளர்த்தது ஒரு பால் பைதான். உடனே ‘பால் குடிக்குமா?’ன்னு ஆரம்பிக்காதீங்க. இது பந்து என்கிற ‘பால்’. பயந்தால் தலையை நடுவில் வைத்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டு விடுகிற மலைப்பாம்பு வகை. சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கம். விஷம் கிடையாது, நாலடி, நாலரை அடிக்கு மேல் பெரும்பாலும் வளராது, சாதுவான சுபாவம். அதனாலேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களின் செல்லம்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ரூம்மேட் மூணு வாரம் ஊருக்குப் போனான். “நூடுல்ஸைப் பார்த்துக்கோ, வாடகையில் நூறு டாலர் கழிச்சுக்கலாம்” என்றான். நம்ம ஆள் நூறை எழுபதால் பெருக்கிப் பார்த்தான். ‘சாப்பாடு கூட ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். நாய் மாதிரி வாக்கிங் கூட்டிட்டுப் போக வேணாம். பூனை மாதிரி மண் தட்டு மாத்த வேணாம். ஈஸி!’ என்று தலையாட்டி விட்டான். வீடியோ காலில் அவன் அம்மா, “பின்னாடி என்னடா கண்ணாடிப் பெட்டி... மீன் தொட்டியா?” என்று கேட்டபோது “ஆமாம்மா” என்றும் சொல்லியாச்சு.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. என்னைக்கு எலி சாப்பிட்டது, எவ்வளவு எடை, என்னைக்குச் சட்டை உரித்தது, என்னைக்கு ‘போச்சு’. எல்லாவற்றுக்கும் தேதி. அதில்தான் நம்ம ஆள் கண்ணில் அந்த வரி பட்டது. கடைசியாகப் ‘போன’ தேதி நவம்பர் 3. அதற்குப் பிறகு மூன்று எலி உள்ளே போயிருக்கிறது. வெளியே ஒன்றும் வரவில்லை!

வால் எங்கே ஆரம்பிக்குது?

கதையை இங்கே நிறுத்திவிட்டு கொஞ்சம் பயாலஜிக்குப் போயிட்டு வரலாம். பயப்படாதீங்க, எக்ஸாம் இல்லை.

பாம்பின் உடம்பில் கழுத்து எங்கே முடிகிறது என்று சொல்வது கஷ்டம். ஆனால் வால் எங்கே ஆரம்பிக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடலாம். அடிவயிற்றுப் பக்கம் பார்த்தால், வால் கிட்டே குறுக்கே ஒரு கீறல் மாதிரி இருக்கும். அதுதான் பாம்பின் பாத்ரூம் கதவு. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் வால். பாம்பு ஒண்ணுக்குப் போவது, ரெண்டுக்குப் போவது, இணை சேருவது, முட்டை போடுவது... எல்லாத்துக்கும் இந்த ஒரே வழிதான். குளோயகா என்று ஜுவாலஜி ஸ்டூடண்ட்ஸ் மனப்பாடம் பண்ணியிருப்பீங்களே, அதேதான்.

இன்னொரு ஆச்சரியம். பாம்புக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. எலியும் பறவையுமாகச் சாப்பிடுகிற பிராணி. உள்ளே போவது அத்தனையும் புரோட்டீன். புரோட்டீன் செரித்தால் நைட்ரஜன் கழிவு வந்தே தீரும். நாம் அதை யூரியாவாக மாற்றி, லிட்டர் கணக்கில் தண்ணீரில் கரைத்து வெளியே விடுகிறோம். பாம்புக்கு அவ்வளவு தண்ணீர் செலவு பண்ணக் கட்டுப்படியாகாது. அதனால் அதே நைட்ரஜனை யூரிக் அமிலமாக மாற்றி, ஏறக்குறைய கெட்டியாகவே வெளியே தள்ளுகிறது. பார்ப்பதற்குச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும். அதுதான் பாம்பின் ‘ஒண்ணுக்கு’! பல்லி எச்சத்தில் நுனியில் வெள்ளையா ஒரு புள்ளி பார்த்திருப்பீங்களே? அதேதான், பெரிய சைஸில்.

‘ரெண்டுக்கு’ என்பது பழுப்பு நிறத்தில் தனியாக வரும். உற்றுப் பார்த்தால் (யார் பார்ப்பாங்கன்னு கேட்காதீங்க, வளர்க்கிறவங்க பார்த்துத்தான் ஆகணும்) அதில் எலியின் ரோமம் இருக்கும். எலும்பைக் கூட கரைத்து விடுகிற பாம்பின் வயிறு, ரோமத்திடமும் நகத்திடமும் தோற்றுப் போகும். அவை கெரட்டினால் ஆனவை. நம்ம தலைமுடியும் நகமும் கூட அதே சமாச்சாரம்தான்.

கெமிஸ்ட்ரி மாணவர்களுக்கு ஒரு ஸ்பெஷல் தகவல். அணு எடைகள் எல்லாம் ஹைட்ரஜனின் மடங்குகள் என்று 1815-ல் ஒரு கருத்தை எடுத்து விட்டாரே வில்லியம் பிரவுட், ஞாபகம் இருக்கா? அதே மனிதர், அதே 1815-ல், போவா மலைப்பாம்பின் கழிவை ஆராய்ந்து ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அதில் 90 சதவிகிதம் யூரிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். அந்தக் காலத்து வேதியியல்காரர்களுக்குச் சுத்தமான யூரிக் அமிலம் வேண்டும் என்றால், பாம்புக் கழிவு ஒரு நல்ல சரக்கு!

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1862-ல் லண்டனில் ஜான் ஹேஸ்டிங்ஸ் என்ற டாக்டர், காசநோய்க்கு மருந்து என்று ஊர்வன பிராணிகளின் கழிவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, அதன் ‘மருத்துவ குணம்’ பற்றி ஒரு புத்தகமே போட்டார். காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ராபர்ட் காக் சொன்னது அதற்கு இருபது வருஷம் கழித்து, 1882-ல். பாவம், அந்த நோயாளிகள்.

இந்த வெள்ளைக் கட்டி மேட்டர் இன்னும் முடியவில்லை. 2025-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் ஸ்விஃப்ட் குழுவினர், இருபதுக்கும் அதிகமான ஊர்வன இனங்களின் வெள்ளைக் கழிவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். அத்தனையும் குட்டிக் குட்டி உருண்டைகள். ஒரு மைக்ரோமீட்டரிலிருந்து பத்து மைக்ரோமீட்டர் வரை. ஒவ்வொரு உருண்டையும் யூரிக் அமிலத்தின் நுண்ணிய படிகங்களால் ஆனது. நமக்கு அதே யூரிக் அமிலம் மூட்டில் படிந்தால் கௌட் என்கிற மூட்டுவலி, சிறுநீரகத்தில் சேர்ந்தால் கல். பாம்போ அதை அழகாக உருட்டி வெளியே அனுப்பி விடுகிறது. எப்படி என்று புரிந்தால் நம்ம வைத்தியத்துக்கும் உதவலாம் என்கிறார்கள்.

420 நாள் சாம்பியன்!

சரி, 49 நாளுக்கு வருவோம். நம்ம வீட்டில் யாருக்காவது மூணு நாள் போகலைன்னாலே விளக்கெண்ணெயைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. பாம்புக் கணக்கு வேற.

அமெரிக்காவில் பலர் வளர்க்கும் இன்னொரு வகையான கார்ன் ஸ்னேக், ஒல்லியான சுறுசுறுப்பான ஆள். சாப்பிட்ட சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில், போய்விடும். பால் பைதான் மாதிரி குண்டான, சோம்பேறியான பாம்புகள் அப்படி இல்லை. வாரக்கணக்கில் வைத்திருக்கும். இரண்டு மூன்று சாப்பாட்டுக்குச் சேர்த்து ஒரே தடவையாகப் போகும். வெள்ளைக் கட்டி மட்டும் நடுநடுவே வந்து கொண்டிருக்கும்.

இந்த விஷயத்தில் உலக சாம்பியன் ஆப்பிரிக்காவின் காபூன் விரியன். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹார்வி லில்லிவைட்டும் அவருடைய சகாக்களும் பலவிதப் பாம்புகளுக்குச் சாப்பாடு கொடுத்து, எத்தனை நாளில் வெளியே வருகிறது என்று பொறுமையாகக் குறித்து வைத்தார்கள். (ரிசர்ச் டாபிக் கிடைக்கலைன்னு புலம்புறவங்க கவனிக்கவும்!) 2002-ல் அந்த முடிவுகள் வெளியாயின. மரத்தில் வாழும் ஒல்லிப் பாம்புகள் சில நாளிலேயே வயிற்றைக் காலி பண்ணி விடுகின்றன. தரையில் கிடக்கும் கனமான விரியன்களோ மாதக்கணக்கில் சேர்த்து வைக்கின்றன. ஒரு காபூன் விரியன் 420 நாள் போகவே இல்லை! ஒரு வருஷம், அதுக்கு மேல கிட்டத்தட்ட ரெண்டு மாசம்.

எதுக்கு இந்தச் சேமிப்பு? லில்லிவைட்டின் ஊகம் இது. பதுங்கியிருந்து சட்டென்று பாய்கிற பாம்புக்குப் பின்பக்கம் கனமாக இருந்தால் நல்லது. பின்பாதி தரையில் நங்கூரம் போட்ட மாதிரி நிற்கும், முன்பாதி பாயும். சதை போட்டு எடை கூட்டினால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டும். இது ஓசி எடை. கிளையில் நெளிகிற மரப்பாம்புக்கு அந்தச் சுமையே ஆபத்து, அதனால் உடனே காலி.

நூறு டாலரும் கரண்ட் பில்லும்

அப்ப நூடுல்ஸுக்கும் கவலைப்பட ஒன்றும் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்டர்நெட்டில் பத்து நிமிஷம் மேய்ந்துவிட்டு, “420 நாள் வரைக்கும் டயம் இருக்குடா” என்று தைரியம் சொன்னேன். அது தப்பு. காபூன் விரியன் கணக்கு காபூன் விரியனுக்கு. பால் பைதானின் பின்பக்கம் வீங்கி, ராத்திரி முழுக்க பெட்டிக்குள் அலைந்து, வாலைத் தூக்கித் தூக்கி முக்குகிறது என்றால் பிரச்னை வேறு.

ரூம்மேட்டுக்குப் போன் போட்டான் நண்பன். அவன் கேட்ட முதல் கேள்வி, “பெட்டிக்குள்ள எத்தனை டிகிரி?”

நம்ம ஆள் முழித்தான். ஏன்னா... ராத்திரியில் பாம்புக்கு எதுக்கு ஹீட்டர் என்று, பெட்டிக்கு அடியில் இருந்த சூடேற்றும் பாயை ஒரு வாரமாக அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். கரண்ட் பில் மிச்சமாம்! டெக்ஸாஸில் டிசம்பர் குளிர். பெட்டிக்குள் 21 டிகிரி.

இங்கேதான் மேட்டர் இருக்கு. நம்ம உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்ளும். பாம்பு சூட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். பால் பைதான் பெட்டியில் ஒரு ஓரம் 31, 32 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். இன்னொரு ஓரம் 26 டிகிரி பக்கம். சாப்பிட்டதும் சூடான ஓரத்துக்குப் போய் படுத்துச் செரிக்கும், பிறகு குளிர்ந்த ஓரத்துக்கு நகரும். சூடு குறைந்தால் செரிமானம் நொண்டியடிக்கும். குடல் அசைவு மந்தமாகும். தண்ணீரும் சரியாகக் குடிக்காவிட்டால் உள்ளே இருப்பது காய்ந்து கல்லாகும். அதை அப்படியே விட்டால் பாம்பு செத்தே போகலாம். ரொம்பக் குளிர்ந்தால் செரிக்காத எலி வயிற்றிலேயே அழுகி, வாந்தியாக வெளியே வருவதும் உண்டு.

பாம்பின் செரிமானம் எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? பர்மிய மலைப்பாம்பை வைத்து ஸ்டீஃபன் செக்கோர், ஜேரட் டயமண்ட் போன்றவர்கள் செய்த ஆராய்ச்சி படிச்சுப் பாருங்க. பட்டினி நாளில் சுருங்கிக் கிடக்கும் அதன் குடல், சாப்பிட்ட ஓரிரு நாளிலேயே ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமாகிறது. உடம்பு எரிக்கும் சக்தி நாற்பது மடங்கு வரை எகிறும். வேலை முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கும். இவ்வளவு பெரிய ஃபேக்டரி ஓடிக் கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்தால்? நம்ம நண்பன் பண்ணினது அதுதான்.

ரூம்மேட் சொன்ன வைத்தியம் சிம்பிள். முதலில் சூடு. ஒரேயடியாக ஏற்றாமல் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ரெண்டு நாள் விட வேண்டும். எலி கிலி எதுவும் போடக் கூடாது. அப்புறம் மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர். பாம்பின் உடம்பு பாதி நனைகிற அளவு, அவ்வளவுதான். கால் மணி நேரம், இருபது நிமிஷம். பக்கத்தை விட்டு நகரக் கூடாது. வயிற்றை அமுக்கவே கூடாது. அதற்கும் போகாவிட்டால் ஊர்வன பார்க்கத் தெரிந்த வெட்னரி டாக்டரிடம் ஓட வேண்டும்.

முதல் நாள் குளியலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எனக்கு ஒரு போட்டோ வந்தது. நான் டிபன் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். அதற்கு மேல் வர்ணிக்க விரும்பவில்லை. “மச்சி, இவ்ளோ பெருசு! அம்மா சத்தியமா நான் சந்தோஷத்துல அழுதுட்டேன்டா” என்று கீழே எழுதியிருந்தான்.

பாம்பு சுத்தம், பெட்டி அசுத்தம்

கிராமத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. உருளைக்கிழங்கு வேகிற மாதிரி வாசனை வந்தால் பக்கத்தில் பாம்பு இருக்கிறது என்று பாட்டிகள் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால், நலமாக இருக்கும் பாம்பின் உடம்பில் நாற்றமே கிடையாது. நமக்கு இருக்கிற மாதிரி வியர்வை இல்லை. தோல் வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். காய்ந்து, சில்லென்று, பெல்ட் மாதிரி இருக்கும். அழுக்குச் சேர்ந்தால் சட்டையையே கழற்றி எறிந்துவிடும்! பல பாம்புகள் சட்டை உரிக்கும் சமயத்திலேயே வயிற்றையும் காலி பண்ணும். டூ இன் ஒன்.

நாற்றம் வருவது இரண்டு சமயத்தில். ஒன்று, பயந்தால். வாலடியில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து குமட்டுகிற ஒரு திரவத்தைப் பீய்ச்சி, கழிவோடு கலந்து, பிடித்தவர் கையில் பூசிவிடும். ‘என்னைச் சாப்பிட்டா நல்லா இருக்க மாட்டேன்’ என்று சொல்லும் வழி. அமெரிக்காவின் சோனோரன் பவளப் பாம்பு இன்னும் ஒரு படி மேலே போய், பின்பக்கத்திலிருந்து ‘டப் டப்’ என்று காற்றை வெடிக்கும். காலேஜ் ஹாஸ்டலில் இந்தத் திறமைசாலிகளை நீங்களும் பார்த்திருப்பீங்க.

இரண்டாவது, நாம் பெட்டியைச் சுத்தம் பண்ணாவிட்டால். காட்டில் பாம்பு ஓரிடத்தில் போய்விட்டு நகர்ந்து விடும். வெயிலும் மழையும் எறும்பும் மிச்சத்தைப் பார்த்துக் கொள்ளும். நாலடிக்கு ரெண்டடி பெட்டியில் எங்கே நகரும்? தன் கழிவு மேலேயே படுக்க வேண்டியதுதான். ஈரமும் அசிங்கமும் சேர்ந்த தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்பளித்து, அழுகத் தொடங்கும். பாம்பு நோய்களில் பாதி, பெட்டியின் நோய்.

இன்னொரு தொல்லை. பல பாம்புகளுக்குத் தண்ணீர்ப் பாத்திரம்தான் டாய்லெட். அதிலேயே போய்விட்டு, அதிலேயே தண்ணீரும் குடிக்கும். ஆக, தினமும் காலையில் பாத்திரத்தைப் பார்த்தாக வேண்டும். தரையில் பேப்பரோ பேப்பர் டவலோ விரித்திருந்தால் சுருட்டிப் போட்டு வேறு விரிப்பது சுலபம். மரத்தூள் போட்டால் நனைந்த இடத்தை அள்ளி எடுக்க வேண்டும். தேவதாரு மாதிரி வாசனை மரத்தூள் கூடவே கூடாது, அதிலிருக்கும் எண்ணெய் பாம்பின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

நம்ம ஊர்ப் பழக்கத்தில் யாராவது ஃபினாயிலை ஊற்றி கழுவிவிடப் போறாங்க! ஃபீனால் கலந்த எந்தக் கிளீனரும் பாம்புக்கு விஷம். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து அழுக்கை எல்லாம் எடுத்த பிறகு, தண்ணீர் கலந்த பிளீச் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அலசி, வாசனை போகும்வரை காயவைத்து, அப்புறம்தான் பாம்பை உள்ளே விட வேண்டும். அழுக்கு இருக்கும்போதே பிளீச் ஊற்றினால் பிளீச்சின் பலம் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும், கிருமி ஹாயாக இருக்கும்.

கிச்சன் சிங்க்கில் கழுவினியா?

கிறிஸ்துமஸ் வெற்றியை ரூம்மேட்டிடம் சொன்னபோது அவனுக்கு ஏக சந்தோஷம். “டப்பாவை எங்கே கழுவினே?” என்றான். “கிச்சன் சிங்க்ல” என்றான் நம்ம ஆள் வெகுளியாக. அந்தப் பக்கம் ஐந்து செகண்ட் சத்தமே இல்லை. அப்புறம் கெட்ட வார்த்தை.

காரணம், சால்மோனெல்லா. ஆரோக்கியமான பாம்பின் குடலிலேயே இந்த பாக்டீரியா சாதாரணமாகக் குடியிருக்கும். பாம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் கழிவில் விட்டுவிட்டு வெளியே வரும். டெஸ்ட் எடுத்த அன்று இல்லாமல் போகலாம், மறுவாரம் வரலாம். எனவே ‘என் பாம்பு கிளீன்’ என்று யாரும் சர்டிபிகேட் கொடுக்க முடியாது. நம்ம வயிற்றுக்குள் போனால் காய்ச்சல், வயிற்று வலி, பேதி. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மாட்டினால் விபரீதமாகலாம். அமெரிக்காவில் குட்டி ஆமைகளால் குழந்தைகளுக்கு இது பரவி, நாலு அங்குலத்துக்குச் சின்ன ஓடு உள்ள ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்கவே 1975-ல் தடை போட்டார்கள். பாம்புக்குப் போடும் உறைந்த எலியிலும் இது இருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் சாகாது. 2010-ல் அங்கே அப்படிப்பட்ட எலிகளையே சந்தையிலிருந்து திரும்ப வாங்கினார்கள்.

அதனால்தான் பாம்பு வளர்ப்பவர்கள் வீட்டில் பாம்புக்குத் தனி பக்கெட், தனி பிரஷ், தனி இடுக்கி. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வாய்க்கு எதுவும் போகாது. பாம்புக்கு முத்தம் கொடுத்து போட்டோ போடும் ஹீரோக்களைப் பார்த்தால் எனக்கு பாம்பின் பல் ஞாபகம் வருவதில்லை, அதன் தண்ணீர்ப் பாத்திரம்தான் ஞாபகம் வருகிறது. நம்ம நண்பன் அன்று ராத்திரி சிங்க்கை நாலு தடவை கழுவினான். அங்கிருந்த பாத்திரம் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டான். ரெண்டு நாள் ரொட்டியும் வாழைப்பழமும்.

நம்ம ஊர்ல வளர்க்கலாமா?

இதைப் படித்துவிட்டும் ‘எனக்கும் ஒண்ணு வேணும்’ என்று தோன்றுகிறவர்கள் இருப்பீர்கள். நேராகவே சொல்கிறேன். நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தோட்டத்தில் பிடித்த சாரைக்குட்டியை ஹாஸ்டல் பாட்டிலில் வைத்தாலும் கேஸ்தான். பால் பைதான் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு என்றால், 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 2024-ல் விதிகளும் போட்டிருக்கிறார்கள். சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் பாதுகாக்கப்படும் இனமானால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். முறையாக வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும்.

காகிதம் இல்லாமல் வருவது எப்படி என்று சென்னை விமான நிலையத்தைக் கேளுங்கள். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து வந்து, யாரும் எடுத்துக் கொள்ளாமல் கிடந்த பைகளைத் திறந்தால் உள்ளே 45 பால் பைதான், 8 கார்ன் ஸ்னேக், கூடவே குட்டிக் குரங்குகளும் ஆமைகளும். பைக்குள் நெருக்கியடித்து, தண்ணீர் இல்லாமல், ஒன்றின் கழிவு மேல் ஒன்றாக வருகிற பாம்பு எந்த நிலையில் இருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அந்த வழியில் வந்ததைத்தான் ‘சீப்பா கிடைக்குது மச்சி’ என்று யாராவது உங்களிடம் நீட்டுவார்கள்.

பாம்பைப் பார்க்க ஆசை என்றால் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. அடுத்த முறை போகும்போது படம் எடுக்கும் நல்ல பாம்பை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தரையில் வெள்ளையாக ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் வில்லியம் பிரவுட் கதையைச் சொல்லி அசத்தலாம். அவர் நகர்ந்து போனால் நான் பொறுப்பில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் ரூம்மேட் திரும்பி வந்தான். பெட்டியைக் கூட கீழே வைக்காமல் நேராக நோட்டுப் புத்தகத்தைத்தான் எடுத்தானாம். டிசம்பர் 26-க்கு நேரே நம்ம ஆள் பெரிய எழுத்தில் ‘போச்சு’ என்று தமிழிலேயே எழுதி, மூணு ஆச்சரியக்குறியும் போட்டிருந்தான். “இது என்ன?” என்று கேட்ட ரூம்மேட்டுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்ததாகக் கேள்வி. நூறு டாலர் தள்ளுபடியில் புது பக்கெட், பிரஷ், சிங்க்குக்கு வாங்கிய பிளீச் எல்லாம் போக, மிச்சம் 61 டாலர்.